நேற்றுப் பேசியவர்

அவரைத் தொலைபேசியில் மட்டும் அறிந்தவர்கள் கடுமையான பெண்மணி என்பார்கள். மறுநாள் காலையில் தங்கள் வாசலில் வைத்து அறிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். இரு தரப்பும் ஒரே மனுஷியைப் பற்றித்தான் பேசுகின்றன என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க நான் பலமுறை முயன்று தோற்றிருக்கிறேன். அவர் இறந்த பிறகு, அவர் பெற்ற பிள்ளைக்கே அதை விளக்க வேண்டிய நிலை வரும் என்று எதிர்பார்க்கவில்லை.

திண்டுக்கல்லிலிருந்து தாடிக்கொம்பு போகும் சாலையில், எங்கள் வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, பச்சை நிழல்வலைப் பந்தலுக்குக் கீழே நாற்றுப் பண்ணை நடத்தி வந்தார். தேங்காய்நார்த் தூள் நிரப்பிய கருப்புக் குழித்தட்டுகளில் தக்காளி, மிளகாய், கத்தரி விதைகளை ஊன்றி, கன்றானதும் விவசாயிகளுக்குக் கொடுப்பது தொழில். பிள்ளைகள் சிறு வயதாயிருக்கும்போதே கணவர் தவறிவிட்டார். பெரிய உருவமில்லை. குரல் மட்டும் பந்தலின் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை போகும். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் போல எனக்கும் அவர் அத்தை. குடும்பத்தில் அடிபட்டு வரும் பெண்களுக்கு உதவும் சிறிய தொண்டமைப்பு ஒன்றில் நான் வேலை பார்க்கிறேன். அதனால் என்னை அவர் கூப்பிட்டது ‘படிச்ச புள்ள’ என்று. அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்பது அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அவருடைய கைகள் பகல் முழுவதும் நாரிலும் ஈரத்திலும்தான் இருக்கும். கைபேசியைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பந்தல் காலில் தொங்கவிட்டிருப்பார். மணி அடித்தால் முழங்கையால் தேய்த்து எடுத்து, ஒலிபெருக்கியில் போட்டு, “சொல்லு, கையெல்லாம் நாரு” என்பார். அதுதான் அவருடைய வணக்கம். யார் எந்த நாற்று கேட்டார்கள் என்று எழுதி வைக்க முடியாததால், மகன் சரவணன் அந்தக் கைபேசியில் எல்லா அழைப்புகளும் தாமாகவே பதிவாகும்படி செய்து கொடுத்திருந்தான். மாலையில் கை கழுவிவிட்டு, அன்றைய பேச்சையெல்லாம் ஓடவிட்டுக் கேட்டபடியே தட்டுகளைப் பிரித்து வைப்பார். தன் குரலே தன்னை வைவதுபோல் இருக்கிறது என்று சில நாள் சிரித்துக்கொள்வார்.

ஏனென்றால் அவர் தொலைபேசியில் பேசியதில் பெரும்பகுதி வசவு. ஒருமுறை நான் பந்தலில் இருந்தபோது, கோடை உச்சத்தில் ஒரு விவசாயி தக்காளி நாற்றுக் கேட்டு அழைத்தார்.

“ஏம்ப்பா, இந்த வெயில்ல தக்காளி வச்சு யாருக்குப் பால் ஊத்தப் போற? செடிக்கா, ஒனக்கா?”

“இல்லம்மா, கெணத்துல தண்ணி இருக்கு…”

“இருந்தா குளி. நாத்து இருக்கு, ஆனா ஒனக்கு இல்ல. எனக்கு ஒரே பேச்சுதான். வையி போன.”

‘ஒரே பேச்சு’ என்ற சொல் காதில் விழுந்ததும் பந்தலில் வேலை செய்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்கள். அவர்களில் ஒருவரான பாண்டியம்மாள் சத்தமில்லாமல் எழுந்து போய், நல்ல தக்காளித் தட்டுகளாகப் பார்த்து ஓரமாக எடுத்து வைத்தார். மறுநாள் விடிந்ததும் அவை அத்தையின் மொபெட்டின் பின்னால் ஏறும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

அப்படியே ஏறின. அந்த விவசாயியின் வாசலில் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், இறங்காமல், ஒரு காலை மட்டும் தரையில் ஊன்றிக்கொண்டு சொல்லியிருக்கிறார்: “நேத்துப் பேசுனது வேற ஆளு. அது போயிருச்சு. இந்தா, பிடி. சுத்திச் சோளம் போட்டு நெழலு குடு.” பதிலுக்குக் காத்திருக்காமல் வண்டியைத் திருப்பிவிடுவார். மன்னிப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து யாரும் கேட்டதில்லை. வீட்டுக்குள் வரச் சொன்னால் வரமாட்டார். ‘நேத்துப் பேசுனது வேற ஆளு’ என்பதும், ஓடிக்கொண்டே இருக்கும் அந்த எஞ்சினும்தான் அவர் மனம் இறங்கி வந்திருக்கிறது என்பதற்கு அடையாளம்.

“அதையே போன்ல சொல்லியிருக்கலாமே அத்தை? பெட்ரோலாவது மிச்சமாகும்” என்று ஒரு நாள் கேட்டேன்.

“படிச்ச புள்ள பேசுற பேச்சா இது? வையிறதுக்குப் போனு போதும். எறங்கி வாரதுக்கு ஆளு வரணும். மூஞ்சியக் காட்டாம எறங்கிப் பேசுனா, அது சமாளிப்பு.”

“அப்படின்னா ராத்திரியில யார் வந்து உங்க மனச மாத்துறது?”

“யாரு வாரா? படுத்தாத் தூக்கம் வரணும்ல. ஒருக்களிச்சா ஒரு நெனப்பு, மல்லாந்தா ஒரு நெனப்பு. விடியும்போது எந்த நெனப்பு மேல கெடக்கோ, அது வண்டிய எடுத்துக்கிட்டு வருது.”

இதைச் சொல்லும்போது அவர் விதை ஊன்றிக்கொண்டிருந்தார். தத்துவம் பேசுகிறோம் என்ற நினைப்பே அவருக்கு இல்லை.

அவரை நல்லவர் என்று மட்டும் எழுதி முடித்துவிட எனக்கு விருப்பமில்லை. மாலைப் பேச்சுக்கும் காலை வருகைக்கும் நடுவில் ஓர் இரவு இருந்தது. அந்த இரவைக் கழித்தவர்கள் மற்றவர்கள். பாண்டியம்மாள் கணவனை விட்டு வந்த சமயத்தில், அவருக்கு வேலை கேட்டு நான்தான் அத்தையை அழைத்தேன். “புருசன விட்டு வந்தவள உள்ள விட்டா என் பந்தல்ல நாத்தா வளரும்? பஞ்சாயத்துதான் வளரும். முடியாது” என்று வைத்துவிட்டார். மறுநாள் எங்கள் வாசலில் எஞ்சின் சத்தம். “அவள அனுப்பு. நேத்துப் பேசுனது வேற ஆளு.” ஆனால் பாண்டியம்மாள் அந்த இரவைப் பேருந்து நிலையத்துப் பெஞ்சில் கழித்திருந்தார். அத்தைக்கு அது அன்றே தெரிய வந்தது. அன்று முழுவதும் பாண்டியம்மாளின் தட்டுகளுக்கும் சேர்த்து அவரே தண்ணீர் தெளித்தார்.

எல்லா இரவும் விடிந்தது என்றும் சொல்ல முடியாது. பண்ணையில் தண்ணீர் பாய்ச்சிய ஒருவரைத் தொலைபேசியில் கண்டபடி பேசிவிட்டார். காலையில் போனபோது வீடு பூட்டியிருந்தது. திருப்பூர்ப் பக்கம் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்று அடுத்த வீட்டில் சொன்னார்கள். வண்டி ஓடிக்கொண்டேயிருக்க, பூட்டிய கதவைப் பார்த்தபடி அவர் நின்றதைப் பேருந்துக்குக் காத்திருந்த நான் பார்த்தேன். வெகுநேரம் நின்றார். என்னைக் கண்டதும், “அது இன்னைக்குப் பேச்சக் கேக்காமப் போயிருச்சு” என்று மட்டும் சொன்னார்.

பந்தலில், தட்டுகளுக்கு நடுவே, மாரடைப்பில் இறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது கையில் நார் காய்ந்திருந்தது. பந்தல் காலில் கைபேசி அடித்துக்கொண்டிருந்தது.

சரவணன் பெங்களூரில் கணினி வேலையில் இருந்தான். அம்மாவின் இறப்புக்குப் பின் பண்ணையைப் பார்க்க ஊருக்கே வந்துவிட்டான். அறிவும் அன்பும் உள்ள பிள்ளை. முதல் தெவசம் நெருங்கியபோது ஒரு நாள் என்னிடம் வந்து, தயங்கித் தயங்கிச் சொன்னான்: “அக்கா, அம்மாவக் கம்ப்யூட்டருக்கு மாத்திட்டேன்.”

எனக்குப் புரியவில்லை. அவன் விளக்கினான். அந்தக் கைபேசியில் பல வருடப் பேச்சு அப்படியே இருந்தது. அவ்வளவையும் கணினிக்குக் கொடுத்துக் கற்பித்திருக்கிறான். இப்போது அதனிடம் எதைக் கேட்டாலும் அம்மாவின் குரலில், அம்மாவின் போக்கில் பதில் சொல்கிறது.

“அது அம்மாவா, அம்மா மாதிரியா?” என்று கேட்டேன்.

“ஒருத்தர் எதுக்கு என்ன சொல்வாங்கன்னு முழுசாத் தெரிஞ்சிருச்சுன்னா, அதுக்கு மேல அவங்க மனசுல என்னக்கா பாக்கி இருக்கு? நாளைக்கு மூளையையே வரி வரியாப் படிச்சு ஏத்துற காலம் வரும்னு சொல்றாங்க. என்கிட்ட மூளை இல்ல, பேச்சு இருந்துச்சு. பேச்சுதானே மனசு?”

அந்தக் கேள்வியை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஒருவேளை அவன் சொல்வதுபோல் ஒரு மனத்தை ஒரு துளியும் சிந்தாமல் எடுத்து வைக்கும் நாள் வரலாம். அப்போது எடுத்து வைக்கப்படுவது அந்த நொடியில் இருந்த மனமாகத்தானே இருக்கும். அடுத்த நாள் காலையில் அது என்னவாகியிருக்கும் என்பதை எங்கே போய் எடுப்பது என்று யோசித்தேன். ஆனால் அவன் முகத்தில் துக்கம் இருந்தது. அதன் முன்னால் வாதாட மனம் வரவில்லை. தெவசத்தன்று வருவதாகச் சொன்னேன்.

படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மாலை போட்ட படத்துக்குக் கீழே ஒரு சிறிய ஒலிபெருக்கியை வைத்தான். கூடத்தில் உறவினர்கள் நிறைந்திருந்தார்கள். அத்தையின் அண்ணன், குடும்பத்தில் மூத்தவர், எல்லாருக்கும் மாமா, நாற்காலியில் இருந்தார். வாசல் ஓரமாகப் பாண்டியம்மாள் நின்றார். சரவணன் எதையோ அழுத்தினான்.

“சொல்லு, கையெல்லாம் நாரு.”

‘சொல்லு’வில் இருந்த அவசரம், ‘நாரு’வின் கடைசி இழுப்பு, நடுவில் மூக்கை உறிஞ்சுவது, எல்லாம் அவரே. படத்தில் இருந்த மாலை அசைந்ததா என்றுகூடப் பார்த்தேன். பெண்கள் அழுதார்கள். மாமா எழுந்து நின்றுவிட்டார்.

“தங்கச்சி… நாந்தேன். நாத்து இருக்காத்தா?” என்றார், அழுகையும் சிரிப்புமாக.

“ஒன் வயசுக்கு நாத்து ஒரு கேடா? இருக்கிற தென்னைக்குத் தண்ணி விடு மொதல்ல.”

கூடமே சிரித்தது. ‘அவளேதான், அவளேதான்’ என்று மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசி, ஒருவர் மாற்றி ஒருவராக வசவு வாங்கி மகிழ்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் மலர் வந்தாள். அத்தையின் மகள், சரவணனுக்குத் தங்கை; பழனிப் பக்கம் கீரனூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். காலையில் படையலுக்கு வந்திருக்க வேண்டியவள் பொழுது சாயத் தொடங்கும்போது தனியாக வந்தாள். கையில் பெரிய பை. இடது காதோரம் கன்றிச் சிவந்திருந்தது. அது என்ன என்று யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையிருக்கவில்லை.

“நான் இனி அங்க போகமாட்டேண்ணே” என்றாள் சரவணனிடம். “இங்கயே பண்ணையப் பாத்துக்கிட்டு இருந்துக்கிறேன்.”

மாமாவின் முகம் சுருங்கியது. “தெவசத்தன்னைக்கா இந்தப் பேச்சு? ரெண்டு நாள் இருந்துட்டுப் போ ஆத்தா. நான் மாப்பிள்ளைகிட்டப் பேசுறேன்.”

“நீங்க போன தடவையும் பேசுனீங்க மாமா.”

மாமா சுற்றிலும் பார்த்தார். ஒலிபெருக்கியில் போய் நின்றது அவர் பார்வை. “ஏலே சரவணா, எதுக்கு நாம பேசிக்கிட்டு? பெத்தவ இருக்காள்ல. அவ என்ன சொல்றாளோ அது எனக்குச் சம்மதம்.”

கேலியாக அவர் சொல்லவில்லை. அதுதான் எனக்கு முதல் அதிர்ச்சி. காலையில் அந்தப் படத்துக்குச் சோறு படைத்தவர், மாலையில் அதே இடத்தில் தீர்ப்புக் கேட்டார்.

நான் “வேண்டாம் சரவணா” என்றேன். ஆனால் மலரே முன்னால் போய் உட்கார்ந்தாள். அம்மாவின் குரலைக் கேட்டு ஒரு வருடமாகிறது அவளுக்கு.

“சொல்லு, கையெல்லாம் நாரு.”

“அம்மா, நான் மலரும்மா.”

“சொல்லு மலரு. சாப்டியா?”

அவள் உடைந்து அழுதாள். “அவரு மறுபடியும் அடிச்சுட்டாரும்மா. நான் வந்துட்டேன்.”

ஒரு சிறு இடைவெளி. அத்தை தொலைபேசியில் மூச்சு வாங்குவாரே, அதே இடைவெளி.

“அடிக்காத புருசன் எந்த ஊர்ல இருக்கான்? அவன் கை நீட்டுறதுக்கு நீ என்ன வாய் பேசுன? மூட்டையத் தூக்கிக்கிட்டு இங்க வந்து நிக்காத. நாத்து வாங்க வாரவனெல்லாம் ஒன்னயத்தான் கேப்பான். அனுசரிச்சுப் போ. எனக்கு ஒரே பேச்சுதான்.”

மலரின் அழுகை பாதியில் நின்றுவிட்டது. அழுகை நின்றதைப் பார்த்து நான் பயந்தது அதுவே முதல்முறை. என் வேலையில் இந்தச் சொற்களை எத்தனையோ தாய்மார்களின் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். இறந்த தாயின் வாயிலிருந்து, மாலைக்குக் கீழேயிருந்து, அவை வந்து நான் கேட்டதில்லை.

வாசலோரத்திலிருந்து பாண்டியம்மாள் பேசினார். “தம்பி, செத்த நேரம் பொறுங்க. இது மொத நா பேச்சு. விடிஞ்சா என்ன சொல்லுதுன்னு கேளுங்க.”

சரவணன் ஒரு கணம் விழித்தான். பிறகு குனிந்து, “அம்மா, விடிஞ்சிருச்சு. இப்ப என்ன சொல்றீங்க?” என்று கேட்டான்.

“விடிஞ்சா மட்டும் பேச்சு மாறிருமா? நான் ஒரு நாளும் சொன்ன சொல்ல மாத்துனதில்ல. ஒரே பேச்சு.”

இதையும் அவர் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில், எத்தனையோ பேரிடம், எத்தனையோ முறை. சொல்லும்போதெல்லாம் பந்தல் சிரித்திருக்கிறது. ஓரமாகத் தட்டுகள் நகர்ந்திருக்கின்றன. அந்தச் சிரிப்பைக் கைபேசி பதிவு செய்திருக்காது. அப்போதுதான் எனக்கு முழுவதும் விளங்கியது. சரவணன் எதையும் திரிக்கவில்லை, எதையும் சேர்க்கவில்லை. அவன் தாய் கோபத்தைத் தொலைபேசியில் பேசினார், இரக்கத்தை நேரில் வந்து சொன்னார். தொலைபேசிப் பேச்சை மட்டும் திரட்டி ஒரு மனத்தைக் கட்டினால், ஒரு காலையும் இல்லாத, வெறும் மாலைகளால் ஆன ஒரு பெண்தான் கிடைப்பார். அந்தப் பெண் இதோ பேசுகிறார். அவருக்குப் படுக்கை இல்லை. புரண்டு படுக்க உடம்பில்லை. எத்தனை இரவானாலும் அவருக்கு விடியப் போவதில்லை.

“முன்னாடி ஒரு தடவ அவரு அடிச்சப்பவும் அம்மா இதத்தான் போன்ல சொன்னாங்க” என்றாள் மலர், தனக்குத் தானே பேசுவதுபோல. “சொல்லு மாறாம இதேதான். ஆனா மறுநா காலையில மொத பஸ்ஸுக்குக் கீரனூர் வந்துட்டாங்க. கேட்டுக்கு வெளியவே நின்னாங்க. ‘நேத்துப் பேசுனது வேற ஆளு, கெளம்பு’ன்னாங்க. நாந்தான், அவரு திருந்திட்டேன்னு சொல்றாரும்மான்னு சொல்லிப் போகல. ‘சரி, எப்ப வேணும்னாலும் வா. கேட்டுக்கிட்டு வராத, கேக்காம வா’ன்னுட்டுப் போனாங்க.”

“வந்திருப்பா. யாரு இல்லைன்னா?” என்றார் மாமா. “அவ அப்படிச் சொன்னத யாரு கேட்டா?”

“நான் கேட்டேன்.”

“நீ ஒருத்தி கேட்ட. இத இம்புட்டுப் பேரு கேட்டுட்டோம்ல ஆத்தா.”

என்னால் பொறுக்க முடியவில்லை. “மாமா, உங்க வாசலுக்கு ஒரு நாள்கூட அவங்க வந்து அப்படிச் சொன்னதில்லையா?” என்று கேட்டேன்.

அவர் தலை தாழ்ந்தது. “வந்திருக்கா” என்றார். பிறகு, “அது வேற, இது வேற.”

சரவணனைப் பார்த்தேன். அவன் தங்கையின் காதோரத்தைப் பார்க்கவில்லை. தான் உருவாக்கிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதை நம்பாமல் போனால் அம்மாவை இரண்டாவது முறை இழக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். “அம்மா மனசுல அப்படித்தான் இருந்திருக்கு போல மலரு” என்றான் மெல்ல. “கொஞ்ச நாளைக்குப் போயிட்டு…”

அவன் முடிக்கும் முன் மலர் பையை எடுத்துக்கொண்டாள். நான் அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன்.

நாங்கள் தேநீர் குடித்து முடிக்கும் முன் அவளுடைய கைபேசி அடித்தது. கணவன். அவள் எடுக்காததால் நான் எடுத்தேன். “ஏனுங்க அக்கா, நல்லா இருக்கீங்களா?” என்று மிகுந்த பணிவோடு தொடங்கினான். “நீங்க படிச்சவங்க, குடும்பத்தப் பிரிக்க மாட்டீங்க. எங்க அத்தையே சொல்லிட்டாங்களே, மாமா அனுப்பி வெச்சாருங்க, கேட்டீங்களா?” என்று எதையோ ஓடவிட்டான். என் காதுக்குள் அந்தக் குரல்: அடிக்காத புருசன் எந்த ஊர்ல இருக்கான்? மாமா அதைத் தன் கைபேசியில் பதிவு செய்து அவனுக்கு அனுப்பிவிட்டிருந்தார். சமாதானம் செய்து வைக்கும் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். “இத நான் பத்திரமா வச்சுக்கறனுங்க. நாளைக்குப் பஞ்சாயத்து, கோர்ட்டுன்னு எங்க போனாலும் ஆகுமுங்களே” என்றான்.

அவன் ‘ங்க’ போட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பைத் துண்டித்தேன். ஒரு தாயின் கோபம், அவர் தாமே கைவிட்ட கோபம், அடிப்பவன் கையில் சான்றாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதை அவர் கைவிட்டதற்கோ சான்றே இல்லை. நாளை மனிதர்களை இப்படி ஏற்றி வைப்பது வீட்டுக்கு வீடு வழக்கமாகிவிட்டால், எந்த நாளின் மனிதரை ஏற்றுகிறோம் என்று யார் கேட்கப் போகிறார்கள்? ஏற்றப்பட்டவர் வந்து ‘அது நான் இல்லை’ என்று சொல்ல எந்த வாசல் இருக்கும்? நீலமாகிக்கொண்டிருந்த காதோரத்தோடு மலர் என் எதிரில் உட்கார்ந்திருந்தாள். “அம்மா கொரலுக்கா” என்றாள். “பொய்யின்னு தெரியுது. ஆனாலும் அம்மா கொரலு.”

விடிந்தபோது நான் அடுப்படியில் இருந்தேன். வாசலில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டது. பால் பாத்திரம் கையிலிருந்து நழுவியது. சத்தியமாக ஒரு கணம் அவர்தான் வந்துவிட்டார் என்று நினைத்தேன். மலர் எனக்கு முன்பாக ஓடிவந்து வாசலில் நின்றாள்.

சரவணன். அம்மாவின் மொபெட். அவன் பெங்களூரிலிருந்து வந்த பிறகும் காரில்தான் போவான். அந்த வண்டியை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றியிருந்தான். கண்கள் சிவந்திருந்தன.

“ராத்திரி பூரா அதுகிட்டக் கேட்டேன் மலரு” என்றான். “எப்படிக் கேட்டாலும் அதேதான் சொல்லுது. நான்தான் பொரண்டுக்கிட்டுக் கெடந்தேன். அது பொரளவே இல்ல.” பிறகு, பழக்கமில்லாத சொற்களை எடுப்பதுபோல, “நேத்துப் பேசுனது வேற ஆளு. வா, வீட்டுக்குப் போவோம்” என்றான்.

மலர் கேட்டைத் திறப்பாள் என்று நினைத்தேன். அவள் திறக்கவில்லை.

“அம்மா போனு எங்கண்ணே?”

அவன் சட்டைப் பையைத் தொட்டான். பிளாஸ்டிக் உறையோடு அதையும் எடுத்து வந்திருந்தான்.

“அதுல இருந்து என்னையக் கூப்பிட்டு, இதச் சொல்லு. அதுல பேசுனாத்தான் பதிவாகும்.”

“நேர்லதான் நிக்கிறேன்ல மலரு?”

“அம்மாவும் நேர்லதான் நின்னாங்க. யாரு நம்புனா?”

அவன் அவளைப் பார்த்தான். பிறகு உறைக்குள்ளிருந்தபடியே அந்தக் கைபேசியை அழுத்தினான். மலரின் கையில் இருந்த கைபேசி ஒளிர்ந்தது. திரையில் ‘அம்மா’ என்று வந்தது. அவள் அந்தப் பெயரைப் பார்த்துக்கொண்டே சிறிது நேரம் அடிக்கவிட்டாள். பிறகு எடுத்துக் காதில் வைத்தாள். கேட்டின் அந்தப் பக்கம் அண்ணன், இந்தப் பக்கம் தங்கை, இருவர் காதிலும் கைபேசி.

“மலரு, நேத்துப் பேசுனது வேற ஆளு…”

“கேக்கலண்ணே. வண்டிச் சத்தம். அமத்திட்டு மொதல்ல இருந்து சொல்லு. என்னைய அவன் அடிச்சதையும் சொல்லு, நான் எங்க இருக்கப் போறேன்னும் சொல்லு. மாமா அத அவனுக்கு அனுப்புனதையும் சேத்துச் சொல்லு.”

அவன் குனிந்து சாவியைத் திருப்பினான். இத்தனை ஆண்டுகளில் அந்த வண்டி எங்கள் வாசலில் சத்தம் அடங்கி நின்றது அன்றுதான். அந்த அமைதியில், தெருவுக்கே கேட்கும்படியாக, அவன் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.